எந்த வீட்டுத் தாத்தா

வாக்குமூலம் கொடுப்பவர் பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் ஒன்றின் பங்குதாரர். வயது நாற்பத்தொன்று. கணவரை இழந்தவர். காப்பகக் கட்டடத்தின் மாடியில் அண்ணன் குடும்பத்துடன் குடியிருப்பவர். குழந்தைகள் சம்பந்தப்பட்ட வழக்கு என்பதால் யாருடைய பெயரும் இதில் எழுதப்படவில்லை. உறவு, தொழில், கூப்பிடும் பெயர் ஆகியவற்றால் மட்டுமே குறிக்கப்படுகிறார்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது பின்வருமாறு:

நான் மேற்படி கட்டடத்தில் பத்து வருடங்களுக்கு மேலாகக் குடியிருந்து வருகிறேன். கீழ்த்தளத்தில் நடக்கும் காப்பகம் என் அண்ணன் மனைவிக்கும் எனக்கும் பொதுவானது. அவரை அண்ணி என்று அழைப்பேன். சேர்க்கை, சாப்பாடு, பெற்றோரிடம் பேச்சு எல்லாம் அண்ணியின் பொறுப்பு. பிள்ளைகளின் விளையாட்டு, பாட்டு, கைவேலை ஆகியவையும், காப்பகத்தை நாலு பேருக்குத் தெரியப்படுத்தும் வேலையும் என் பொறுப்பு. எங்களுக்கு உதவியாக ஓர் ஆயாம்மா இருக்கிறார். வேலைக்குப் போகும் பெற்றோர் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு மாலையில் அழைத்துப்போவார்கள்.

சென்ற கோடை முடியும் சமயம் அடுத்த தெருவில் சறுக்குமரம், குளிர்சாதன அறை இவற்றோடு ஒரு புதிய காப்பகம் திறந்தார்கள். எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவராக அங்கே போக ஆரம்பித்தார்கள். அண்ணி குட்டி போட்ட பூனை மாதிரி காலியான தொட்டில்களைச் சுற்றிச்சுற்றி வந்தார். அதைப் பார்த்து நான்தான் ஒரு யோசனை சொன்னேன். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு விளையாட்டு நாள் வைப்பது, பெற்றோரையும் தாத்தா பாட்டிகளையும் அக்கம்பக்கத்தாரையும் கூப்பிடுவது, படம் எடுத்து ஊருக்குக் காட்டுவது என்பதே அந்த யோசனை. அண்ணி, "மழைக்கு ஒண்ணு வெயிலுக்கு ஒண்ணுன்னு வெச்சா பிள்ளைங்களும் வரும், கூடவே சளியும் வரும்" என்று சிரித்தார். ஆனால் சம்மதித்தார். அழைப்பில், "குடும்பத்தோடு வாங்க, தெரிஞ்சவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்று நான் எழுதினேன்.

அதன்படி மழைக்காலத்தில் காகிதக் கப்பல் நாள் நடத்தினோம். பின்கட்டில் தண்ணீர் போகும் துளையைத் துணியால் அடைத்து முற்றத்தைக் குளமாக்கினோம். வருகிறவர்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வசதியாக, ஒவ்வொரு பிள்ளையின் சட்டையிலும் பெயர் எழுதிய அட்டையைக் குத்தினேன். அப்போதுதான் இந்த வழக்கில் சம்பந்தப்பட்ட நபரை முதன்முதலாகப் பார்த்தேன். அறுபது வயது தாண்டியவர், வெளுத்த சட்டை, சட்டைப்பையில் சீப்பு. எங்கள் வீட்டிலிருந்த பழைய பேப்பர் எல்லாம் நமுத்துப்போயிருந்த நேரத்தில், அவர் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கட்டு உலர்ந்த பேப்பர் கொண்டுவந்திருந்தார். நான், "ஐயா, நீங்க எந்தப் பிள்ளையோட வந்திருக்கீங்க?" என்று கேட்டேன். அதற்கு அவர், "எல்லாம் நம்ம பிள்ளைங்கதானேம்மா" என்று சொல்லி உட்கார்ந்து கப்பல் மடிக்கத் தொடங்கினார். அதன் பிறகு அண்ணியிடம் கேட்டேன். எங்களிடம் இருக்கும் இரட்டைப் பிள்ளைகளின் தாத்தாவாக இருக்கும் என்றார். இரட்டைப் பிள்ளைகளின் அம்மாவும் அவரைப் பார்த்து வணக்கம் சொன்னதால் நான் மேலே கேட்கவில்லை. மாலையில் மழை வலுத்தபோது அவர் வாசலில் குடையோடு நின்று ஒவ்வொரு தாயையும் பிள்ளையையும் நனையாமல் வண்டி வரைக்கும் கொண்டுபோய் விட்டார்.

அதன் பிறகு குளிர்காலத்தில் நிழல் நாள் நடத்தினோம். அறையை இருட்டாக்கி, போர்வைக்குள் பிள்ளைகளை உட்காரவைத்து, டார்ச் வெளிச்சத்தில் கை நிழல் காட்டுவது திட்டம். எனக்கு முயலும் பறவையும் மட்டுமே தெரியும். மேற்படி நபர் தானாக முன்வந்து நாய், மாடு, கொக்கு, கிழவி என்று வரிசையாகக் காட்டினார். பிள்ளைகள் அன்றிலிருந்து அவரை நிழல் தாத்தா என்று கூப்பிட்டார்கள். கடைசியில் அவர் ஒரு வாய் திறந்து மூடும் நிழல் காட்டி, அதற்குள் போகிற மாதிரி ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொன்னார். இருட்டில் அட்டைகள் தெரியவில்லை. எல்லாப் பெயரும் சரியாக இருந்தது. பெற்றோர் கைதட்டினார்கள்.

அதன் பிறகு குளிர் விட்டுக் காற்று வீசத் தொடங்கியதும் பின்பக்கத்து வெட்டவெளியில் பட்டம் விடும் நாள் நடத்தினோம். எங்கள் காப்பகத்தில் மூன்றரை வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி உண்டு. சிட்டு என்று கூப்பிடுவோம். தாய் மருத்துவமனையில் நர்ஸ். தகப்பனார் பஸ் ஓட்டுநர். சிட்டு உடம்பால் சிறியவள். மேற்படி நபர், "காத்து இவளைத் தூக்கிட்டுப் போயிடும்" என்று சொல்லி, நூல்கயிற்றின் ஒரு முனையை அவள் இடுப்பிலும் மறுமுனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டார். எல்லாரும் சிரித்தோம். அப்போது நான் எடுத்த படத்தில் சிட்டு வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்தப் படம்தான் சுவரொட்டி ஆனது. மேற்படி நபர் பாதி தெரிந்ததால் அந்தப் பக்கத்தை அச்சகத்தில் வெட்டச் சொன்னேன். "நான் சிட்டு, எனக்குக் காற்று பிடிக்கும், உங்களுக்கு?" என்று அச்சடித்து பஸ் நிறுத்தம், மருந்துக்கடை, துணிக்கடை எல்லா இடத்திலும் ஒட்டினோம். போன பிள்ளைகளில் பாதி திரும்பிவந்தன. புதியவர்களும் சேர்ந்தார்கள். அண்ணி, "உன் மூளைக்குத் தனியா ஒரு மாலை போடணும்டி" என்றார்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் தூங்கவைக்கும்போது சிட்டு என்னிடம், "மிஸ், நிழல் தாத்தா வீட்டுல எனக்கு ஒரு கட்டில் இருக்கு" என்றாள். அவர் அவளுடைய சொந்தத் தாத்தா போலும், இரட்டையரின் தாத்தா என்று அண்ணி தவறாகச் சொல்லிவிட்டார் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு இந்தக் கோடையில், சென்ற செவ்வாய்க்கிழமை, தண்ணீர் விளையாட்டு நாள் நடந்தது. முற்றத்தில் பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளை நிரப்பி, ரப்பர் குழாயால் பூத்தூறல் மாதிரி தண்ணீர் விட்டோம். மேற்படி நபர் மதியமே வந்தார். பிள்ளைக்கு ஒன்றாகச் சிறிய துண்டுகள் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் அந்தந்தப் பிள்ளையின் பெயர் நூலால் தைக்கப்பட்டிருந்தது. கைத்தையல். அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. "பெத்த தகப்பன்கூட இப்படிச் செய்ய மாட்டான்" என்று என்னிடம் சொன்னார். அவர் அதைக் கேட்டுத் தலையை மட்டும் அசைத்தார்.

மாலையில் பெற்றோர் வரத் தொடங்கினார்கள். ஈரப் பிள்ளைகள், மாற்றுச் சட்டை, தொலைந்த செருப்பு என்று ஒரே அமளி. ஆயாம்மா சாதாரணமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வாசலைப் பார்க்கிறவர். அன்று துவட்டுகிற வேலையில் இருந்தார். கூட்டம் குறைந்த பிறகு சிட்டுவின் தாய் வேலைச் சீருடையோடு வந்து, "என் பொண்ணு தூங்கிட்டாளா?" என்று கேட்டார். ஆயாம்மா, "தாத்தா கூட்டிட்டுப் போனாரேம்மா, நீங்க அனுப்புனதா சொன்னாரு" என்றார். தாய், "எந்தத் தாத்தா?" என்றார்.  பிறகு அவர், "எங்க வீட்டுல ஏது தாத்தா? ரெண்டு பேரும் இவ பொறக்கறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்தாச்சு" என்றார்.

வாசலில் இரட்டைப் பிள்ளைகளின் அம்மா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய், "அவர் உங்கப்பாதானே?" என்று கேட்டேன். அவர், "எங்கப்பாவா? உங்க வீட்டுப் பெரியவர்னுல்ல நெனச்சேன். 'நாளைக்காவது நேரத்துக்கு வாங்கம்மா, பிள்ளை ஏங்குது'ன்னு என்னையே ஒருநாள் கண்டிச்சாரே மிஸ்" என்றார். அதன் பிறகு அண்ணி மற்ற பெற்றோர் ஒவ்வொருவருக்கும் போன் செய்தார். ஒரு வீட்டில் அவரை இன்னொரு வீட்டுத் தாத்தா என்று நினைத்திருந்தார்கள். அந்த இன்னொரு வீட்டில் அண்ணியின் தகப்பனார் என்று நினைத்திருந்தார்கள். அண்ணி போனைக் கீழே வைத்துவிட்டு, "யாருக்குமே அவர் யாரும் இல்லடி" என்றார். பிறகு காவல் நிலையத்துக்குத் தகவல் சொன்னார்.

நான் எல்லா விழாக்களின் படங்களையும் எடுத்து அவர் முகத்தைத் தேடினேன். நிறையப் படங்களில் அவர் இருந்தார். ஒன்றில் குனிந்திருந்தார், ஒன்றில் முதுகு, ஒன்றில் தூக்கிய பிள்ளையின் தலை அவர் முகத்தை மறைத்திருந்தது. முகம் தெரிந்தது பட்ட நாள் படத்தில் நான் வெட்டச் சொன்ன பகுதியில் மட்டுமே. என்னிடம் வெட்டிய படம் மட்டுமே இருந்தது, அந்த முழுப்படம் சுவரொட்டி அடித்த அச்சகத்தில் இருக்கும் என்று தோன்றவே, சிட்டுவின் தாயும் நானும் இரண்டு காவலர்களும் அங்கே போனோம். அச்சகக்காரர் படத்தைத் திரையில் போட்டதும், "இது உங்க பெரியவராச்சே" என்றார். மேற்படி நபர் காப்பகத்திலிருந்து வருவதாகச் சொல்லி, சுவரொட்டியிலிருந்த பிள்ளையின் முகத்தை மட்டும் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிச் சட்டம் போடச் சொன்னதாகவும், கனமாக இருந்ததால் தானே கொண்டுபோய் அவர் வீட்டில் மாட்டிக் கொடுத்ததாகவும் சொன்னார். வீடு மரக்கடைக்குப் பின்னால், மாடி. அச்சகக்காரரே வழி காட்டினார்.

நாங்கள் படியேறியபோது கதவு திறந்தே இருந்தது. மேற்படி நபர் தரையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்து, நாரையும் விதையையும் எடுத்துவிட்டுச் சுளை சுளையாகத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். சிட்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். உடம்பில் நாங்கள் பார்த்திராத புது உடை. தலையை நடுவகிடு எடுத்து வாரியிருந்தார். அவள் தாய் ஒருபோதும் நடுவகிடு எடுக்க மாட்டார். சுவரில் அந்தப் பெரிய படம். மூலையில் பிள்ளைகள் படுக்கும் சிறிய கட்டில். ஜன்னல் கதவுகள் உள்ளிருந்து ஆணி அடிக்கப்பட்டிருந்தன. ஆணிகள் புதியவை அல்ல, தலைகள் துருவேறிப்போயிருந்தன. மேற்படி நபர் காவலர்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை, பயப்படவும் இல்லை. என்னைப் பார்த்து, "வாங்கம்மா. அடுத்தது என்ன விளையாட்டு வைக்கிறீங்க?" என்று கேட்டார்.

தாய் போய்ப் பிள்ளையைத் தூக்கினார். சிட்டு அழவில்லை. என்னிடம், "மிஸ், இனிமே நான் இங்கதானாம். அம்மா பேரை மறந்துட்டா ஆரஞ்சு தருவாராம்" என்றாள். தாய் அந்த இடத்திலேயே பிள்ளையின் வகிட்டைக் கையால் கலைத்தார். திரும்பத் திரும்பக் கலைத்தார். பிறகு மருத்துவமனையில் பரிசோதித்ததில் பிள்ளையின் உடம்பில் காயம் எதுவும் இல்லை என்று சொன்னார்கள்.

மேற்படி நபரைக் காவலர்கள் கீழே அழைத்துவந்தபோது, கீழ்வீட்டில் குடியிருக்கும் பெண் வெளியே வந்தார். என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. தாயின் தோளில் இருந்த சிட்டுவின் கன்னத்தைத் தொட்டு, "இந்தப் பேத்தி சமத்து, சத்தமே கேக்கல" என்றார். பிறகு, "போன வருஷம் இதே வெயில்ல இருந்துச்சே, அது எந்நேரமும் அழுதுகிட்டே கெடக்கும்" என்றார். காவலர் ஒருவர், "எது?" என்று கேட்டார். அந்தப் பெண், "அந்தப் பேரன்தான். கொஞ்ச நாள்ல சத்தம் நின்னுபோச்சு. அவங்க அம்மா வந்து கூட்டிட்டுப் போயிட்டான்னு சொன்னாரு. கூட்டிட்டுப் போனப்ப நான்தான் ஊர்ல இல்லாமப் போயிட்டேன், முகத்தைக்கூட சரியா பாக்கல" என்றார்.

சென்ற கோடையில் எங்கள் காப்பகத்தில் இந்த விளையாட்டு நாட்கள் எதுவும் தொடங்கவில்லை. அப்போது அந்த நபரை எங்களில் யாருக்கும் தெரியாது. அண்ணியும் நானும் அன்றே, எங்களிடம் இருக்கிற பிள்ளைகள், எங்களிடமிருந்து விலகிப்போன பிள்ளைகள் ஆகிய எல்லார் வீட்டுக்கும் நேரில் போய்ப் பார்த்தோம். எல்லாரும் நல்லபடியாக இருக்கிறார்கள். அந்தக் கீழ்வீட்டுப் பெண் சொன்ன பையன் எங்கள் காப்பகத்துப் பிள்ளை அல்ல. அடுத்த தெருக் காப்பகம் அப்போது திறக்கப்படவே இல்லை. யார் வீட்டுப் பிள்ளை என்று எனக்குத் தெரியாது.

மேற்படி நபர் வண்டியில் ஏறும் வரைக்கும் கேட்ட கேள்விக்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். அதற்குள் அங்கே வந்துசேர்ந்த ஆய்வாளர் அந்தப் பையனைப் பற்றிக் கேட்டபோது மட்டும் பேசவில்லை. மறுபடி கேட்டார். அப்போதும் பேசவில்லை. மூன்றாவது முறை கேட்டபோது, சட்டைப்பையிலிருந்த சீப்பை எடுத்துத் தன் தலையை வாரிக்கொண்டு, "அது அழுதுகிட்டே இருந்துச்சுய்யா" என்றார். அதற்கு மேல் இன்றுவரை அதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை என்று இங்கே எனக்குத் தெரிவித்தார்கள்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டுமே இதில் உள்ளன. எதையும் கூட்டவில்லை, யாருக்காகவும் குறைக்கவில்லை, யாரும் என்னை வற்புறுத்தவும் இல்லை. அந்த நபர் கடைசியாகச் சொன்னதை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் சொன்னது அதேதான்.

(ஒப்பம்)
காப்பகப் பங்குதாரர்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்)
விசாரணை அலுவலர்