அபராதம் இல்லாத பாவசங்கீர்த்தனம்

“அம்மா, ஃபாதர் எனக்கு அபராதம் ஒண்டும் தரேல்லை.”

மன்னாரிலிருந்து முருங்கனுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த பிள்ளை தன் தாயிடம் இப்படிச் சொன்னாள். அவளுக்குப் பதினாறு வயதிருக்கும். தாய் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“பாவசங்கீர்த்தனம் செய்தா, பாவத்துக்குப் பரிகாரமா மூண்டு அருள் நிறைந்த மரியே எண்டாலும் சொல்லச் சொல்லுவினமே! மன்னிக்க ஏலாத மாதிரி என்னடி செய்தனி? ஆர் பெடியன்?”

“பெடியனும் இல்லை, ஒண்டும் இல்லை. காலமை எழும்ப மனமில்லை, செத்தாக் காணும் போல கிடக்கு எண்டு சொன்னனான்.”

தாய் மெதுவாகக் கேட்டார்.

“எவ்வளவு நாளா?”

“கன நாளா, தவக்காலத்துக்கு முந்தியே.”

“நான் பஞ்சி, சோம்பல் எண்டெல்லோ உன்னை ஏசினனான்.”

“செபம் சொல்லியும் போகேல்லை. அதாலதான் பாவமெண்டு நினைச்சன். ஃபாதர், ‘இது பாவமில்லைப் பிள்ளை, காய்ச்சல் மாதிரி ஒரு வருத்தம், இதுக்கேன் அபராதம்?’ எண்டு கேட்டவர். உங்களிட்டச் சொல்லிப்போட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னவர்.”

“ஒரு செபமாலை சொல்லச் சொல்லியிருந்தா நானும் உன்னோட சேர்ந்து சொல்லியிருப்பனே.”

“ஆஸ்பத்திரிக்கும் உங்களோட சேர்ந்துதான் போகச் சொன்னவர்.”

முருங்கனில் நானும் இறங்கினேன். தாய் ஓர் ஆட்டோவை மறித்து, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றார்.

“ஆருக்கக்கா வருத்தம்?” என்று ஆட்டோக்காரர் கேட்டார்.

“பிள்ளைக்கு” என்றார் தாய். “கெதியா விடுங்கோ தம்பி.”