சிவப்புத் துணி கட்டிய கயிறு

— எந்தக் கயிறு? வடிவாச் சொல்லு பிள்ளை.

— நீலக் கயிறப்பா. எங்கடை வலைக்கொட்டிலுக்கை ஆணியிலை கொழுவியிருந்தது.

— அங்கை ரெண்டு நீலக் கயிறு கிடந்தது. அதை என்னத்துக்கு இப்ப கேக்கிறாய் லவீனா?

— சும்மா கேட்டனான். எவ்வளவு பாரம் தாங்கும் எண்டு.

— சும்மாவோ? கூட்டாளியளோடை மாத்தளைக் காட்டுக்கை கூடாரமடிச்சு நிக்கிற பிள்ளை, சனிக்கிழமை காலமை பத்து மணிக்கு, குருநகரிலை கிடக்கிற கயித்தைப் பற்றிச் சும்மா கேக்குமோ?

— அது குருநகரிலை இல்லையப்பா. இஞ்சை கிடக்கு. நான்தான் கொண்டந்தனான்.

— ஆரைக் கேட்டுக் கொண்டுபோனனி?

— கூடாரத்தை இழுத்துக் கட்டுவமெண்டுதான்...

— சரி, கட்டினனீங்கள். பிறகு?

— பிறகு, பிரகாஸ் வாடகைக்கு எடுத்த மலைக்கயிறு கட்டையாப் போச்சு. பாறையிலை பாதிவரைக்கும்தான் எட்டும். அதின்ரை நுனியிலை இதை முடிஞ்சு...

— முடிஞ்சு?

— இறக்கினவங்கள்.

— என்னத்தை இறக்கினவங்கள்? கூடாரத்தையோ? லவீனா, கயித்திலை ஆரைக் கட்டினீங்கள்?

— தயாளினியை.

— ஆர், கோப்பாய் மார்க்கண்டற்றை பெட்டையோ? அவள் கிணத்துக்கட்டுக்கு மேலை எதிலை ஏறினவள்? யாழ்ப்பாணத்திலை நிண்டு ஏற ஒரு மேடு இருக்கோ, தண்ணித்தாங்கியை விட? நீங்களெல்லாம் போனிலை படம் பாத்து மலையேற வெளிக்கிட்டால்...

— பேசாதேங்கோ அப்பா. இப்ப பேசாதேங்கோ.

— இஞ்சாருங்கோ, பிள்ளையோ போனிலை? கட்டிக் குடுத்த முட்டைமா முடிஞ்சுதோ எண்டு கேளுங்கோ. நாளைக்கு அந்திப் பூசைக்கு முதல் வந்திடுவாளாமோ?

— ஓம், வந்திடுவாளாம். எல்லாரும் நல்ல சந்தோசமா நிக்கினமாம். நீர் அடுப்பைப் பாரும், குழம்பு வத்தப்போகுது.

— அம்மாக்குச் சொல்லிப்போடாதேங்கோ அப்பா.

— சொல்லுவனே? அவவின்ரை பிறசருக்கு! நான் வேலியடிக்கு வந்திட்டன். இப்ப சொல்லு. தயாளினி எங்கை நிக்கிறாள்?

— பாறையின்ரை நடுவிலை ஒரு படி மாதிரி இருக்கு. ஒரு சாண் அகலம். இறக்கேக்கை அதோடை நிண்டிட்டுது. இறங்கவும் ஏலாது, இழுக்கவும் ஏலாது. ரெண்டு கயித்தையும் முடிஞ்ச முடிச்சு மேலை ஒரு வெடிப்புக்கை போய் இறுகிப்போச்சு.

— கீழை எவ்வளவு ஆழம்?

— எங்கடை கோயில் மணிக்கூண்டளவு வரும். மரத்தின்ரை தலையள்தான் தெரியுது.

— நீ எங்கை நிண்டு பாக்கிறாய்?

— நான்... மேலை. எட்டிப் பாத்தனான்.

— எட்டிப் பாக்காதை! ஏறமாட்டன், சமைக்கிறதும் படமெடுக்கிறதும்தான் எண்டு மாதாவின்ரை படத்துக்கு முன்னாலை சொல்லிப்போட்டுத்தானே போனனி?

— ஓமப்பா. சொன்னனான்.

— சொன்னதிலையே நில்லு. பிரகாசிட்டைப் போனைக் குடு.

— குடுக்கேலாது. அவன் எட்டத்திலை நிக்கிறான். காதிலை மாட்டிற போனிலைதான் கதைக்கிறன், கை ரெண்டும் வேலையாக் கிடக்கு.

— அதென்ன இரைச்சல்? நடுக்கடலிலை நிண்டு கதைக்கிறமாதிரிக் கேக்குது.

— காத்தப்பா. அப்பா, அந்தக் கயிறு தாங்குமோ?

— ரெண்டிலை எது எண்டு தெரிஞ்சால்தானே சொல்லலாம். நுனியிலை துணி கட்டியிருந்ததோ?

— ஓம், சிவப்புத் துணி. அதைப் பாத்துத்தான் எடுத்தனான்.

— துணியைப் பாத்தோ?

— கடலிலை வலை கிடக்கிற இடம் தெரிய நடுகிற கொடிக்கு நீங்கள் சிவப்புத்தானே கட்டுறனீங்கள். துலையக்கூடாத சாமானுக்குத்தான் சிவப்பு எண்டு அண்ணைக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. அப்ப உங்கடை திறமான கயிறு இதுதானெண்டு நினைச்சன்.

— ஐயோ, மாதாவே.

— என்னப்பா?

— அது கழிச்ச கயிறு பிள்ளை. ரெண்டு வரியம் வெயில் திண்டது. இருட்டுக்கை மாறி வள்ளத்திலை ஏத்திப்போடுவன் எண்டுதான் துணி கட்டி வைச்சனான்.

— கழிச்சதெண்டால் எறியிறதுக்கென்ன!

— கயித்தை ஆரடி எறியிறது? விறகு கட்ட, காத்துக்குக் கூரைத்தகரத்தை இழுத்துக் கட்ட உதவுமெண்டு வைச்சனான். அதிலை ஒரு ஆளைத் தூக்குவினமெண்டு கண்டனானோ?

— எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே.

— உனக்கேன் சொல்லோணும்? கனிசியசுக்குச் சொன்னனான்.

— அண்ணை பிரான்சுக்குப் போய் ஆறு வரியம். வீட்டிலை இருந்தது நான்தானே அப்பா. கொட்டிலுக்கை வந்தால், பொம்பிளைப்பிள்ளைக்கு இஞ்சை என்ன அலுவல் எண்டுதானே கலைச்சனீங்கள்.

— ஓம் மோனை. கலைச்சனான். என்ரை பிழைதான், பிறகு பேசு. இப்ப கயித்தை முறுக்கிப் பாக்கச் சொல்லு, மா மாதிரிக் கொட்டுதோ எண்டு.

— கொட்டுது.

— அவளைக் கேக்காமலே சொல்லுறாய்?

— முதலே பாத்தவள். உள்ளங்கையெல்லாம் நீலத் தூள் ஒட்டிக் கிடக்காம்.

— புரி?

— மூண்டு புரியிலை ஒண்டு விட்டிட்டுது. தலைக்கு மேலை ஒரு முழத்திலை. மற்ற ரெண்டும் மயிர் மயிராப் பிஞ்சு நிக்குது.

— பொலிசுக்கு எடுத்தவங்களோ?

— எடுத்தவங்கள். பிரகாசுக்குத் தெரிஞ்ச சிங்களத்திலை சொன்னவன். மலையைச் சுத்தி நடந்து வரோணுமாம், ரெண்டு மணித்தியாலம் செல்லுமாம். மேற்காலை கறுத்துக்கொண்டு வருது அப்பா. மழை வந்தால் பாறை வழுக்கும்.

— நான் இப்ப ஒரு வாகனத்தைப் பிடிச்சாலும் வந்துசேரப் பின்னேரமாகும். கடலெண்டால் உந்த நேரத்துக்கு நாலு வள்ளத்தைத் தள்ளியிருப்பன். ஆரும் வராட்டில் தனியப் போயிருப்பன். மலையிலை நான் என்னத்தைச் செய்ய? வேலிக்கதியாலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன் பிள்ளை.

— ஏதாவது சொல்லுங்கோ அப்பா. சும்மா எண்டாலும் கதைச்சுக்கொண்டு நில்லுங்கோ.

— சரி, கேட்டியே. அவள் கயித்திலை சாயவே கூடாது. கயிறு இல்லையெண்டு நினைச்சுக்கொண்டு நிக்கோணும். முகம் பாறைப் பக்கம். பாரம் முழுக்கக் காலிலை. பிடிக்க என்ன இருக்கு?

— ஒரு வேர். பெருவிரல் மொத்தம் வரும்.

— பச்சையோ, காய்ஞ்சதோ?

— பச்சை.

— மாதா காத்தா. அதைப் பிடிக்கட்டும். இறுக்கிப் பிடிச்சால் கை விறைக்கும், துடுப்புப் பிடிக்கிறமாதிரி இளக்கிப் பிடிக்கோணும். கீழை பாக்கக்கூடாது.

— கால் நடுங்குது அப்பா.

— ஆருக்கு?

— அவளுக்கு. மேலையிருந்து பாக்கவே தெரியுது.

— குதியை மெல்ல ஊண்டச் சொல்லு. ஒரு காலுக்குப் பாரத்தைக் குடுத்து மற்றதை ஆத்தட்டும், பிறகு மாத்தட்டும். அப்பிடிச் செய்தவளோ?

— செய்தவள். கொஞ்சம் சுகம்.

— நல்லது. இனித்தான் முக்கியமான கதை. கயிறு பழுதெண்டு அவளுக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாது. தூள் கொட்டுறதைக் கண்டாலும், அது சாயமெண்டு சொல்லுங்கோ.

— ஏனப்பா?

— தெரிஞ்சால் விட்டிடுவாள். நான் கண்ணாலை கண்டனான். வள்ளம் பிரண்டு, பலகையைப் பிடிச்சு மூண்டு மணித்தியாலம் மிதந்த மனிசன், பலகை வெடிச்சிருக்கெண்டு பக்கத்திலை மிதந்தவன் சொன்ன உடனை கையை விட்டவர். பலகை பிறகும் மிதந்தது.

— அப்ப அவளுக்கு என்ன சொல்லுறது?

— என்ரை அப்பா கயித்துக்காரன், அவரைக் கேட்டனான், அந்தக் கயித்தாலை ரெண்டு வள்ளத்தை ஒண்டாக் கட்டி இழுத்தவராம் எண்டு சொல்லு. நம்புறமாதிரிச் சொல்லோணும். உனக்குத்தான் பொய் சொல்ல வராதே.

— வருமப்பா. இவ்வளவு நேரமும் அதுதான் சொல்லிக்கொண்டு நிக்கிறன்.

— என்னடி சொல்லுறாய்?

— தயாளினி மேலை மரத்தடியிலை பிரகாசோடை நிக்கிறாள். வேரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது நான்.

— இஞ்சாருங்கோ! என்ன, வேலியடியிலை குந்திட்டியள்? பிள்ளை என்னவாம்?

— அப்பா? அப்பா, நிக்கிறியளோ? மழை தூறத் துடங்கிட்டுது.

— நிக்கிறன் மோனை. எங்கையும் போகேல்லை. கேட்டியே, நான் கயித்தை மாறிச் சொல்லிப்போட்டன். அந்தச் சிவப்புத் துணிக் கயித்தாலைதான் அப்பா ரெண்டு வள்ளத்தை ஒண்டாக் கட்டி இழுத்தனான்.