தட்டில் முளைக்காத கிருமி

நிமிர்ந்த நெஞ்சோடு இந்த அவைக்குத் தலைமை தாங்கும் தலைமை மருத்துவர் அவர்களே! கையில் கத்தியும் கண்ணில் கருணையுமாய் அமர்ந்திருக்கும் அறுவை நிபுணர் அவர்களே! கண்ணுக்குத் தெரியாத கள்வர்களைக் கண்டுபிடிக்கும் ஆய்வக டாக்டரம்மா அவர்களே! ஆன்றோரே! வார்டு வாசலில் காத்துக் காத்துக் கால் வீங்கிய என் தாய்மார்களே! உங்களில் ஒருத்தியாய் உங்களை வணங்குகிறேன்!

நான் தமிழாசிரியை. மைக் கிடைத்தால் விடமாட்டேன் என்பார் என் கணவர். அதோ, முதல் வரிசையில் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறாரே, அவரேதான்! பேருந்து ஓட்டுநர்.

ஆய்வகம் புதுக் கட்டடத்துக்கு மாறும் விழாவில் குடும்பக் கதை எதற்கு என்கிறீர்களா? அந்த ஆய்வகம் இல்லையென்றால் இந்தக் குடும்பமே இல்லை, அதற்குத்தான்!

அவருடைய வலது நுரையீரலில் புற்றுக்கட்டி. ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் பிழைப்பார் என்றார்கள். நாளும் குறித்தார்கள். அதற்குமுன் மூச்சுக்குழாய்ச் சளியை எடுத்து இரண்டு சோதனைக்கு அனுப்பினார்கள். ஒன்று கல்ச்சர், தட்டில் விதைத்து, கிருமி வளர்கிறதா என்று காத்திருப்பது. மற்றொன்று மரபணுச் சோதனை. கிருமி வளரவே வேண்டாம், அதன் மரபணு அகப்பட்டாலே ஆள் இன்னார் என்று சொல்லிவிடும். ஏன் இந்தப் பாடு? வெட்டுப்பட்ட நுரையீரலில் கிருமி கிளம்பினால் நிமோனியா! கட்டிக்குத் தப்பியவர் காய்ச்சலில் போய்விடுவார்.

தட்டில் ஏதாவது முளைத்ததா? ஒன்றுமில்லை! சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார். மரபணுச் சோதனையில் கிருமி இருக்கிறதாம்!

"அதெப்படி டாக்டர்? ஒண்ணு இருக்குங்குது, ஒண்ணு இல்லேங்குது?"

"அதான் எனக்கும் இடிக்குது. வீட்ல ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா?"

"என்னைக் கேக்காம தண்ணிகூடக் குடிக்கமாட்டார்!"

அடடா, என் நம்பிக்கையே! திரும்பிப் பார்த்தால் மனுஷர் சுவரைப் பார்க்கிறார்.

"ஏங்க, என்னத்த முழுங்கினீங்க?"

"உன் பல்வலிக்குக் குடுத்ததுல மிச்சம் இருந்துச்சில்ல... அதான். வண்டியைச் செக்கிங்குக்கு விடறதுக்கு முன்னால கழுவித்தானே விடுவோம்?"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! அன்று நான் சிரிக்கவில்லை. வெட்கத்தை விட்டு அழுதேன். அறுவை தள்ளிப்போனால் கட்டி வளருமோ? தள்ளாமல் செய்தால் கிருமி கொல்லுமோ? எந்தப் பக்கம் திரும்பினாலும் பயம்.

"அது கிருமியைக் கொல்ற மாத்திரை, அதனாலதான் தட்டுல முளைக்காம இருந்திருக்கும். ஆனா செத்த கிருமியோட மரபணுவும் சோதனையில அகப்படும்மா. இது உயிரோட இருக்கா, எந்த மருந்துக்கு அடங்கும்னு தட்டுதான் சொல்லணும். கொஞ்சம் பொறுங்க" என்றார் டாக்டரம்மா. அறுவை நிபுணரும் காத்திருக்கச் சம்மதித்தார். மாத்திரையை நிறுத்தினார்கள். சில நாள் விட்டு மீண்டும் சளி எடுத்தார்கள், மீண்டும் விதைத்தார்கள். முளைத்தது ஐயா, முளைத்தது! கிருமி முளைத்ததற்குக் கைதட்டிய பெண்டாட்டி இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்! அதற்கு எந்த மருந்து பிடிக்காதோ அதையே தேடிக் கொடுத்தார்கள். பிறகு அறுவை நடந்தது. காய்ச்சல் வந்ததா? வரவில்லை! நிமோனியா வந்ததா? வரவேயில்லை! வீட்டுக்கு வந்தது என் மனிதர்!

தாய்மார்களே, தந்தைமார்களே! மருத்துவரிடம் நல்ல பெயர் வாங்கப் போகாதீர்கள், நலம் வாங்கப் போங்கள்! மிச்ச மாத்திரையை விழுங்காதீர்கள், விழுங்கினால் மறைக்காதீர்கள்! ஒரு சோதனை ஊமையானால் இன்னொன்று பேசும். நாம் ஊமையானால் யார் பேசுவது?

இந்த மருத்துவமனைக்கு நன்றி சொல்ல எனக்கு ஆயிரம் சொல் உண்டு. ஆனால் நீங்கள் காப்பாற்றிய மூச்சு அவருடையது. அந்த மூச்சே நன்றி சொல்லட்டும். ஏங்க, எழுந்து வாங்க! யாரும் கை கொடுக்க வேண்டாம், அவரே மேடைப் படியேறி வருவார். பாருங்கள், வருகிறார்! அனைவருக்கும் என் வணக்கம்!