நீலச் செயலியில் வராத பதில்

என் பெயர் ஒட்வார் நெஸ். வயது 64. கிறிஸ்டியான்சுன் நகரில் துறைமுகத் தெரு 11ஆம் எண் வீட்டில் வசிக்கிறேன். சால்மன் மீன் வளர்க்கும் நிறுவனம் ஒன்றில் இயக்க மேலாளர். நவம்பர் 15ஆம் தேதி இதே காவல் நிலையத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். கிரோஹோல்ம் தீவுப் பண்ணையின் பொறுப்பாளரான யோருன் என்ற பெண் என் எச்சரிக்கையைப் பார்த்தும் பதில் போடவில்லை என்று அதில் சொன்னேன். அதனால்தான் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து, அவர்மேல் வழக்குப் பதியப் பார்க்கிறார்கள். நான் சொன்னது பொய். அதைத் திருத்த, யாரும் அழைக்காமல் நானே வந்திருக்கிறேன்.

எங்கள் ஏழு பண்ணைகளும் வெவ்வேறு தீவுகளில் உள்ளன. எல்லோரும் ஒரே குழுவில் எழுதிப் பேச ஒரு செயலி வேண்டும் என்று மார்ச் மாதம் முடிவாகி, அதைத் தேர்வு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. நீலம், மஞ்சள் என்று சின்னத்தின் நிறத்தை வைத்து நாங்கள் அழைத்த இரண்டு செயலிகளை மூன்று வாரம் சோதித்தோம். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். கணினியை நானே கற்றேன். கணினிப் பிரிவின் வேகார் எல்லோர் முன்னிலையிலும், "ஒட்வாருக்கு எதுக்குங்க ஆப்பு? ஒரு ஃபேக்ஸ் மெஷின் வாங்கிக் குடுத்துடுங்க" என்றார். அதன் பிறகு நான் நீலச் செயலியை ஒரே வாரத்தில் முழுதாகக் கற்று, பதினான்கு பக்கக் கையேடும் எழுதினேன். அந்தக் கையேட்டுக்காகவே நீலத்தைத் தேர்ந்தெடுத்தேன். வேறு காரணம் இல்லை.

இந்தத் தேர்வு பற்றிய கருத்துகளையும் நீலச் செயலியில் மட்டுமே பதிய வேண்டும் என்று உத்தரவிட்டேன். கிரோஹோல்மில் சிக்னலை மலை மறைக்கிறது. அங்கே நீலம் வேலை செய்யவில்லை. அதனால் யோருன் இரண்டு மணி நேரம் படகில் வந்து, கையால் எழுதிய இரண்டு தாள்களை என் மேசையில் வைத்தார்.

"ஆப்புல போடு, படிக்கிறேன்" என்றேன்.

"அதுல போகவே மாட்டேங்குதுன்னு சொல்லத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்? மஞ்சள் லேட்டானாலும் கொண்டு சேர்க்குது, சேரலன்னா சேரலன்னு காட்டுது. உங்களுது போகாததையும் போச்சுங்குது, ஒட்வார்!"

அவர் போன பிறகு தாள்களை மேசை இழுப்பறையில், காபி வடிதாள் கட்டுக்கு அடியில் வைத்தேன். தேர்வு அறிக்கையில், "கிரோஹோல்ம்: பதில் இல்லை, எனவே ஆட்சேபம் இல்லை" என்று எழுதினேன். அந்த இரண்டு தாள்களையும் இன்று ஒப்படைக்கிறேன்.

கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் உள்ள விதியும் நான் எழுதியதே: அறிவிப்புக்கு இருபது நிமிடத்தில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளலாம், வேலை சம்பந்தமாக ரேடியோவில் பேசக் கூடாது.

நவம்பர் 14 காலை 10.20க்கு, கிரோஹோல்ம் வலையின் அடியில் செத்த மீன்களை உறிஞ்சும் பம்பை அலுவலகத்திலிருந்தே இயக்கப் போவதாகவும், யாராவது தண்ணீரில் இருந்தால் சொல்லவும் நீலச் செயலியில் எழுதினேன். அனுப்பப்பட்டது என்ற குறி வந்தது. அந்தக் குறி செய்தி என் கணினியை விட்டுப் போனதைத்தான் காட்டும், அங்கே சேர்ந்ததைக் காட்டாது என்பது எனக்குத் தெரியும். கையேட்டின் நான்காம் பக்கத்தில் நானே அதை எழுதியிருக்கிறேன். ரேடியோ என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இருபது நிமிடம் காத்திருந்தேன், ஒரு கோப்பை காபி குடித்தேன், 10.40க்குப் பம்பை இயக்கினேன்.

அதன் பிறகு ரேடியோவில் யோருனின் குரல் வந்தது. "பம்ப நிறுத்துங்க! ஸ்டைனார் கீழ இருக்கான், நிறுத்துங்கய்யா!" உடனே நிறுத்தினேன். முக்குளிப்பவர் ஸ்டைனார் குழாயின் வாயில் சிக்கிய வலையை விடுவித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவருடைய வலது கை முழங்கைக்குக் கீழே இப்போது இல்லை.

மறுநாள் இங்கே, செய்தி அனுப்பப்பட்ட குறியைக் காட்டினேன். அந்தக் குறிக்கு என்ன பொருள் என்று அலுவலர் கேட்டபோது, யோருன் பார்த்துவிட்டார் என்று சொன்னேன்.

நேற்று மருத்துவமனைக்குப் போனேன். ஸ்டைனார் இடது கையால் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தட்டு நகர்ந்துகொண்டே இருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். "யோருன் மேல கேஸாமே? அவ அந்தத் தாள் எழுதினப்ப நானும் பக்கத்துலதான் இருந்தேன்" என்றார்.

கையேடு நல்ல கையேடு என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதை எழுதியவன் அதற்குத் தகுந்தவன் இல்லை.

இன்று காலை மஞ்சள் செயலியை என் கைபேசியில் ஏற்றி, இங்கே வருவதை யோருனுக்கு எழுதினேன். செய்தி சேர்ந்ததையும் அவர் படித்ததையும் அது காட்டுகிறது. இதுவரை பதில் இல்லை. அதை ஆட்சேபம் இல்லை என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

மேலே உள்ளவை நான் சொன்னபடி எழுதப்பட்டு, எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. தாள்களை இழுப்பறையில் வைத்ததைப் பற்றிய வரியில் அலுவலர் சேர்த்திருந்த 'கவனக்குறைவால்' என்ற சொல்லை அடிக்கச் சொன்னேன், அடிக்கப்பட்டது. மற்றவை அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) ஒட்வார் நெஸ்
நவம்பர் 27, காலை 11.10