அயனிமரத்து வான்கோழி

"இனி பெடைக்கோழி மாதிரி நீங்கதான் விளிக்கணும்" என்று ஒரு அம்மா பக்கத்தில் இருந்த கணவரிடம் சொன்னார். பாறசாலையிலிருந்து காரக்கோணம் போகிற பஸ். நான் அவர்கள் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் அந்த அம்மாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன். வீட்டில் வளர்த்த வான்கோழிச் சேவலோ ஓடிப்போய் ரப்பர் தோட்டத்தில் திரிகிறது.

"நான் விளிச்சா வருமா?"

"பங்குனி மாசமாக்கும், வரும். அந்தியானா அயனிமரத்துல ஏறி அடையும். விடிஞ்சதும் இறங்கி, வாலை விரிச்சுப் பெடையைத் தேடும். நீங்க மரத்துல சாஞ்சு அனங்காம இருங்க."

"பிறவு?"

"ஒண்ணு ரெண்டு தரம் விளிச்சிட்டு மிண்டாம இருக்கணும். சத்தம் நின்னாத்தான் அது தேடி வரும். பக்கத்துல வந்ததும் சாக்கைப் போட்டுப் பிடிங்க. நாய் கண்டா விடாது."

அவர் அந்த அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"எட்டீ, ஆபரேஷன் கழிஞ்சு ஒனக்க சத்தம் வரல்லேன்னா?"

"வரும்னுதானே டாக்டர் சொன்னாரு."

"வரல்லேன்னா?"

"அப்பம் நீங்க விளிங்க. நான் மிண்டாம வந்து நிப்பேன்."

அவர் வாயில் கையைக் குவித்து, அத்தனை பேருக்கு நடுவில், பெடைக்கோழி போல இரண்டு தரம் கூவினார்.

"கோழிக்கு டிக்கெட் எடுத்தது ஆரு?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது.

அந்த அம்மா ஒன்றும் பேசாமல் அவர் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார்.