மடியில் வந்த கம்ப்யூட்டர்

2004 ஜூன் 14, திங்கள், காலை 8.10, புழுக்கம். கும்மிடிப்பூண்டி ரயிலில் எனக்கு எதிரே இருந்த பெண், போர்வை சுற்றிய கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்திருந்தாள்.

“இன்னாத்துக்குடி செல்வி இத்த தூக்கினு வர்ற?” என்றாள் கூட வேலை செய்பவள்.

“நான் எழுதுன புரோகிராம்ல, வேலையாளுங்களுக்குக் காட்டுற பாதுகாப்பு வீடியோ போட்டா சத்தம் மட்டும் வருதாம், படம் வரலயாம். என் தப்புன்னு எழுதிக் குடுக்கணுமாம் மேனேஜருக்கு. என் ஊட்டு கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுதுக்கா.”

“கம்பெனி கம்ப்யூட்டருக்கு இன்னாவாம்?”

“அதுல கோடெக் இல்ல. படத்தைப் பிரிச்சுக் காட்டுற சாப்ட்வேர். நான் ஏத்தறேன்னா, மெஷின தொடாதன்றாரு.”

“எழுதிக் குடுத்துட்டு போயேன். வேலை போச்சுன்னா?”

“போவட்டும்க்கா. கேண்டீன்ல எல்லார் முன்னாடியும் இத்த ஓட்டிக் காட்டிட்டுதான் போவேன்.”

பொன்னேரியில் இறங்க வேண்டிய நான், இந்தப் பேச்சில் அதைத் தவறவிட்டு, இரண்டு நிலையம் தள்ளி கும்மிடிப்பூண்டியில் இறங்கினேன். செல்வி தூக்கிப்போன கம்ப்யூட்டர் பெட்டியின் மறுபக்கத்தை அந்த அக்கா பிடித்திருந்தாள். திரும்பி வர டிக்கெட் ஐந்து ரூபாய்.