நானூறாவது வண்டி

— இது பதினோராவது தடவை, தம்பி.

— எது சார்?

— நீங்க பைக்ல இந்தப் பாலத்தைத் தாண்டுறது. காலையில இருந்து இங்க உக்காந்து போற வர்ற வண்டிய எண்ணிக்கிட்டு இருக்கேன். கண்ணு இன்னும் அவிஞ்சு போகலை.

— அது... வீட்டப் பூட்டினேனான்னு ஒரு சந்தேகம்.

— அது ரெண்டாவது தடவை சொன்னது.

— கேஸ அணைச்சேனான்னு...

— அது அஞ்சாவது.

— சரி சார். மாமியார் கண்ணாடி.

— இது புதுசு. எழுதிக்கறேன்.

— ஐயோ, காரணமெல்லாம் எழுதுவீங்களா?

— வண்டிய எழுதிக்கறேன்னேன். முந்நூத்தித் தொண்ணூத்தேழு.

— நானூறு வேணுமாமே?

— யார் சொன்னா?

— பேசிக்கிட்டாங்க. ஆறு மணிக்குள்ள நானூறு வண்டி போனாத்தான் புதுப் பாலத்துக்கு அரசாங்கம் பணம் தருமாம். ஒண்ணு குறைஞ்சாலும், இருக்குறது போதும்னு ஃபைல மூடிடுவாங்களாம்.

— எல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுத்தான் மாமியார் கண்ணாடியா?

— சார், அக்கரையில எரநூறு வீடு கட்டி வித்துட்டாங்க. பாலம் மட்டும் மாட்டு வண்டி காலத்துது. ஆம்புலன்ஸ் இக்கரையிலயே நின்னுடுது, பாரம் தாங்காதாம். உங்களுக்கென்ன, எண்ணி முடிச்சிட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க.

— ம். அக்கரையில குடியிருக்கறவனை இந்த வேலைக்குப் போட மாட்டாங்க. கூட்டி எழுதிடுவானாம்.

— போன மாசம் என் பொண்டாட்டிக்கு வலி எடுத்துச்சு. கொட்டுற மழை, கரண்டும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வெச்சு நாலு பேரு இந்தப் பாலத்துல தூக்கிட்டு வந்தோம். கூடப் பிடிச்சவங்க முகங்கூடத் தெரியலை.

— குழந்தை?

— பொண்ணு. நல்லா இருக்கா. நாற்காலியத்தான் காணோம்.

— அதோ பால்காரர் போறாரு. தொண்ணூத்தெட்டு. மணி அஞ்சு அம்பது, நின்னு கதை பேசினா எப்படி?

— போறேன்... அட, இது ஏன் ஸ்டார்ட் ஆகலை?

— பெட்ரோல்?

— ...தீந்துடுச்சு.

— தள்ளிக்கிட்டுப் போங்க.

— தள்ளினா கணக்குல வருமா?

— ‘பாலத்தைக் கடக்கும் வாகனம்’னுதான் படிவத்துல இருக்கு. ஓடணும்னு எழுதலை.

— ஒரே வண்டின்னு கேட்டா?

— நம்பர் எழுத இடமே விடலை. கேள்வி கேக்காம தள்ளுங்க.

— தள்ளுறேன், தள்ளுறேன்... அக்கரை வந்துட்டேன் சார்!

— தொண்ணூத்தொம்பது! கத்தாம திரும்பி வாங்க!

— வந்துட்டேன்... மூச்சு... நானூறா?

— நானூறு. ஆறுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கு.

— சார், கொஞ்சம் எந்திரிங்க. ஒரு நிமிஷம் உக்காந்துக்கறேன்... என்ன சார், நாற்காலி பின்னங்கால்ல கம்பி சுத்தியிருக்கு? எங்க வீட்டு நாற்காலிக்கும் நான் இப்படித்தான்... இது ஆபீஸ்ல குடுத்ததா?

— ஆபீஸ்ல பேனாவே குடுக்கலை. அன்னைக்கு அந்தக் கால் என் கையிலதான் இருந்துச்சு. யார் வீட்டு நாற்காலின்னு தெரியாம ஒரு மாசமா என் வாசல்ல கிடந்துது, எடுத்துட்டுப் போங்க. நானும் அக்கரைதான், ரெண்டாவது பிளாக், கடைசி வீடு... சூப்பர்வைசர் வர்றாரு, என்னைத் தெரியாத மாதிரியே இருங்க.